யாருக்கு வெண்கலப் பலகை?

பேரி பாண்ட்ஸ், ரோஜர் கிளெமன்ஸ், பீட் ரோஸ்... பேஸ்பால் புகழ் மண்டபத்தின் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் வழக்கு

பீட் ரோஸ் 2024 செப்டம்பர் 30 அன்று, 83-வது வயதில் காலமானார். பந்தயம் கட்டியதற்காகப் பேஸ்பாலில் அவர்மீது இருந்த நிரந்தரத் தடை 2025 மே 13 அன்று நீக்கப்பட்டது. வாழ்நாளின் பிற்பகுதி முழுக்க அவர் கேட்டுக்கொண்டிருந்தது, அவர் மறைந்து ஏழரை மாதம் கழித்துக் கிடைத்தது. இறந்துபோன ஒருவரால் ஆட்டத்தின் நேர்மைக்கு இனி ஆபத்து வராது என்று தடையை நீக்கிய கமிஷனர் ராப் மேன்ஃப்ரெட் காரணம் சொன்னார். ரோஸோடு சேர்த்து 17 பேர் மீதான தடை அன்று விலகியது. அந்தப் பட்டியலில் உயிரோடு இருப்பவர் ஒருவர்கூட இல்லை.

எறியப்படும் பந்தை அடித்துவிட்டு, எதிரணி தவறேதும் செய்யாமலே முதல் பேஸை எட்டிவிட்டால் அது ஒரு 'ஹிட்'. 1963 முதல் 1986 வரை ஆடிய ரோஸ் அடித்த ஹிட்கள் 4,256. அமெரிக்காவின் மேஜர் லீக் வரலாற்றில் அவரைவிட அதிகம் அடித்தவர் கிடையாது. அப்படிப்பட்டவருக்குப் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் ஒரு பலகை இல்லை. பந்தை மைதான வேலிக்கு வெளியே அடிக்கும் 'ஹோம் ரன்' பட்டியலில் 762-ஓடு முதலிடத்தில் இருக்கும் பேரி பாண்ட்ஸுக்கும் இல்லை. ஆண்டின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை ஏழு முறை வென்ற ரோஜர் கிளெமன்ஸுக்கும் இல்லை.

இவர்களை உள்ளே விடலாமா, கூடாதா? அமெரிக்காவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இந்தச் சண்டை மூளுகிறது. ஆட்டம் நடக்காத மாதங்களில் ரசிகர்களுக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று அதை ஒதுக்கிவிட முடியவில்லை. ஒரு மனிதனின் திறமையையும் குற்றத்தையும் எந்த அளவுகோலால் அளப்பது, அதை யார் அளப்பது, எப்போது தீர்ப்புச் சொல்வது என்ற கேள்விகள் அதற்குள் இருக்கின்றன. மூன்றாவது கேள்வியில்தான் புகழ் மண்டபம் மிக மோசமாகத் தவறியிருக்கிறது என்பது என் எண்ணம்.

ஏரிக்கரைக் கிராமம்

மண்டபம் இருக்கும் இடம் கூப்பர்ஸ்டவுன். நியூயார்க் மாநிலத்தில், ஒட்செகோ ஏரியின் கரையில் உள்ள சின்னஞ்சிறு ஊர். மக்கள்தொகை 2,000-ஐ எட்டாது. ஆனால் 2007-இல் கால் ரிப்கினும் டோனி க்வின்னும் மண்டபத்துக்குள் நுழைந்த விழாவுக்கு 75,000 பேருக்கு மேல் திரண்டார்கள்.

இந்த ஊரைத் தேர்ந்தெடுத்த கதையே விசித்திரமானது. பேஸ்பால் இங்கிலாந்து ஆட்டங்களிலிருந்து வந்ததா, அமெரிக்க மண்ணிலேயே பிறந்ததா என்று கண்டறிய 1905-இல் மில்ஸ் என்பவர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். ஆப்னர் டபிள்டே 1839-இல் கூப்பர்ஸ்டவுனில் இந்த ஆட்டத்தை உருவாக்கினார் என்று அந்தக் குழு 1907-இல் முடிவு சொன்னது. ஆதாரம், ஒரு முதியவர் எழுதிய கடிதம். டபிள்டே உள்நாட்டுப் போரில் பெயர்பெற்ற ராணுவத் தளபதி. 1839-இல் அவர் வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளியில் மாணவர். 1893-இல் இறக்கும்வரை பேஸ்பாலைத் தான் கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொண்டதே இல்லை. குழு சொன்னது கட்டுக்கதை என்பதில் இன்று வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் இல்லை.

ஆனாலும் அந்தக் கதை ஊருக்குக் கைகொடுத்தது. சிங்கர் தையல் மெஷின் குடும்பத்தின் வாரிசான ஸ்டீபன் கிளார்க், பக்கத்துப் பண்ணை வீட்டுப் பரணில் கிடைத்த ஒரு பழைய பந்தை 5 டாலருக்கு வாங்கினார். பொருளாதாரப் பெருமந்தத்தில் வாடிய ஊருக்கு ஆட்களை வரவழைக்க அந்தப் பந்திலிருந்து ஒரு அருங்காட்சியகத்தையே வளர்த்தார். 1936-இல் முதல் தேர்தல் நடந்தது. 1939 ஜூன் 12 அன்று மண்டபம் திறக்கப்பட்டது.

அங்கே இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, அருங்காட்சியகம். ஆட்டத்தின் வரலாறு முழுவதும் அதில் இருக்கிறது. பாண்ட்ஸ் 2007-இல் ஹாங்க் ஆரனின் சாதனையைத் தாண்டி அடித்த 756-வது ஹோம் ரன் பந்தும் அங்கே போய்ச் சேர்ந்தது. அதை 7.5 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்த ஆடை வடிவமைப்பாளர் மார்க் எக்கோ, மக்களிடம் இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தி, பந்தின் மேல் ஒரு நட்சத்திரக் குறியைப் பொறித்து மண்டபத்துக்குக் கொடுத்தார். ஊக்கமருந்துச் சந்தேகத்தால் 'இந்தச் சாதனைக்கு ஓர் அடிக்குறிப்பு உண்டு' என்பதுதான் அந்தக் குறிக்கு அர்த்தம். இன்னொரு பகுதி, வெண்கலப் பலகைகள் வரிசையாக இருக்கும் கூடம். ஒவ்வொரு பலகையிலும் ஒரு முகம், ஒரு பெயர், சில வரிகள். அவை 350-ஐத் தாண்டிவிட்டன. பந்து முதல் பகுதிக்குள் போய்விட்டது. அடித்தவர் இரண்டாவது பகுதிக்குள் போக முடியவில்லை.

எழுத்தாளர் கையில் தராசு

உள்ளே போக இரண்டு வழிகள். முதல் வழி, அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் ஓட்டு. சங்கத்தில் பத்து ஆண்டுகள் தொடர்ந்து உறுப்பினராக இருந்த பத்திரிகையாளர்களுக்கு ஓட்டுரிமை உண்டு. வீரர் பத்து சீசனாவது ஆடியிருக்க வேண்டும், ஓய்வுபெற்று ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். ஒரு எழுத்தாளர் அதிகபட்சம் பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்கலாம். 75 சதவீத வாக்குச்சீட்டுகளில் பெயர் இருந்தால் வெற்றி, 5 சதவீதத்துக்குக் கீழே போனால் பெயரே நீங்கிவிடும். இடையில் இருப்பவர்களுக்கு முன்பு 15 வாய்ப்புகள் இருந்தன. 2014-இல் அதைப் பத்தாகக் குறைத்தார்கள். அந்த வழி அடைபட்ட பிறகு, 16 பேர் கொண்ட குழுவின் ஓட்டு இரண்டாவது வழி.

1936-இல் 226 பேர் ஓட்டுப்போட்டார்கள். டை காப் 222 வாக்குகள் பெற்றார். பேப் ரூத்துக்கும் ஹோனஸ் வாக்னருக்கும் தலா 215. கிறிஸ்டி மேத்யூசனும் வால்டர் ஜான்சனும் ஜெயித்தார்கள். யாருடைய பெயரில் இன்று பந்துவீச்சாளர் விருது தருகிறார்களோ, 511 வெற்றிகள் பெற்ற அந்த சை யங் அந்த ஆண்டு தோற்றுப்போனார்! அடுத்த ஆண்டுதான், அதுவும் மயிரிழையில், 76 சதவீதத்தோடு உள்ளே போனார். எல்லாக் காலத்துக்கும் மிகச் சிறந்த முழுமையான ஆட்டக்காரர் என்று பலர் கருதும் வில்லி மேஸின் பெயரை 1979-இல் 23 பேர் எழுதவில்லை. ஒருவர்கூட விட்டுவிடாமல் எல்லோரும் ஓட்டுப்போட்டது வரலாற்றில் ஒரே ஒரு முறை, 2019-இல், நியூயார்க் யாங்கீஸ் பந்துவீச்சாளர் மரியானோ ரிவேராவுக்கு. அதற்கு 83 ஆண்டுகள் ஆயின.

2025-இல் ஜப்பானின் இச்சிரோ சுசுகி 394-இல் 393 ஓட்டு வாங்கினார். அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று நாடே தேடியது. விட்டவரை வீட்டுக்கு அழைத்துச் சேர்ந்து குடிக்க விரும்புவதாக இச்சிரோ புன்னகையோடு சொன்னார். அவருடைய பெருந்தன்மை அது. என்னால் அந்த அளவுக்குப் பெருந்தன்மையோடு இருக்க முடியவில்லை. ஒருவருக்குப் பெருமை தருவதையோ மறுப்பதையோ தீர்மானிக்கும் ஓட்டைப் பெயர் சொல்லாமல் போடுவது சரியல்ல. எல்லா வாக்குச்சீட்டுகளையும் வெளியிட வேண்டும் என்று எழுத்தாளர் சங்கமே 2016-இல் பெரும்பான்மையாக முடிவெடுத்தது. மண்டபத்தின் நிர்வாகம் அடுத்த ஆண்டு அதை நிராகரித்தது. செய்தியை எழுத வேண்டியவர்கள் செய்தியை உருவாக்கக் கூடாது என்ற கொள்கையில் நியூயார்க் டைம்ஸ் தன் நிருபர்களை ஓட்டுப்போட விடுவதில்லை. அந்தப் பத்திரிகை செய்தது எனக்குச் சரியாகவே படுகிறது.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீரர் ஓய்வுபெற்ற பிறகு அவருடைய கணக்கில் எதுவும் கூடுவதில்லை. ஆனால் ஓட்டு கூடுகிறது. பெர்ட் பிளைலவன் 1998-இல் பெற்றது 17.5 சதவீதம், 14-வது முயற்சியில் 2011-இல் ஜெயித்தார். லாரி வாக்கர் 2014-இல் 10 சதவீதத்தில் கிடந்து, கடைசி வாய்ப்பான 2020-இல் 76.6 சதவீதத்தில் தப்பினார். அவர் ஆடிய டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது, பந்து கூடுதல் தூரம் பறக்கும். அவருடைய அடிகளில் பாதி அந்தக் காற்றுக்குச் சொந்தம் என்று பழைய தலைமுறை எழுத்தாளர்கள் ஒதுக்கினார்கள். மைதானத்தின் சாதகத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடும் புதிய புள்ளிவிவரங்கள் வந்த பிறகு, கழித்தாலும் அவர் பெரிய ஆட்டக்காரர்தான் என்று தெரிந்தது. இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். கண்ணால் கண்ட நினைவைவிட எண்களுக்கு ஓரவஞ்சனை குறைவு.

குணம் பார்க்கும் விதி

எண்களோடு முடிந்திருந்தால் சண்டை இவ்வளவு கசப்பாக இருந்திருக்காது. வீரரின் சாதனை, திறமை ஆகியவற்றோடு நேர்மை, விளையாட்டுப் பண்பு, நடத்தை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும் என்று தேர்தல் விதி சொல்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் அது யாருக்கு எப்போது பொருந்தும் என்று யாருக்கும் தெரியாது.

கேப் ஆன்சன் கறுப்பின வீரர்கள் இருக்கும் அணியோடு ஆட மறுத்தவர். நிறச்சுவர் எழும்பியதில் அவருக்குப் பங்கு உண்டு. 1939-இல் அவருக்குப் பலகை கிடைத்தது. 1920 முதல் 1944-இல் இறக்கும்வரை கமிஷனராக இருந்த நீதிபதி கெனசா மவுன்டன் லாண்டிஸின் காலம் முழுவதும் மேஜர் லீக்கில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. இறந்த அதே ஆண்டில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். சிறந்த வீரர் விருதிலிருந்து அவர் பெயரை 2020-இல் எடுத்துவிட்டார்கள், பலகை அப்படியே இருக்கிறது. கேலார்ட் பெர்ரி பந்தில் எச்சிலும் பசையும் தடவி எறிந்தவர். விதிப்படி அது தவறு. ஆடிக்கொண்டிருந்தபோதே 1974-இல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 314 வெற்றிகளோடு 1991-இல் அவரும் உள்ளே போனார்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். ஒமர் விஸ்கெல் 2020-இல் 52.6 சதவீதம் பெற்று வெற்றியை நெருங்கிக்கொண்டிருந்தார். குடும்ப வன்முறை, பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டுகள் வெளிவந்தன. 2022-இல் அவர் வாக்கு 23.9 சதவீதமாகச் சரிந்தது. குடும்ப வன்முறைப் புகாரில் 2012-இல் கைதான ஆண்ட்ரூ ஜோன்ஸ் 2018-இல் 7.3 சதவீதத்தில் தொடங்கினார், ஆண்டுக்காண்டு ஏறினார், 2026 ஜனவரியில் தேர்வானார். அதே நாளில் கார்லோஸ் பெல்ட்ரானும் தேர்வானார். 2017-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி எதிரணியின் சைகைகளைக் கேமரா வைத்துத் திருடி, குப்பைத் தொட்டியைத் தட்டித் தன் ஆட்டக்காரர்களுக்குச் சேதி சொன்னது. அந்த விவகாரத்தில் கமிஷனரின் அறிக்கை பெயர் குறிப்பிட்ட ஒரே வீரர் பெல்ட்ரான். அதனால் ஒரு ஆட்டம்கூட நடத்தாமலே நியூயார்க் மெட்ஸ் அணியின் மேனேஜர் பதவியை இழந்தார். வாக்காளர்கள் அவரை மூன்று தேர்தல்கள் காக்க வைத்தார்கள், நான்காவதில் மன்னித்தார்கள்.

மன்னித்தது தவறு என்று சொல்லவில்லை. மூன்று ஆண்டுத் தண்டனை என்று எந்த விதியில் இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

1998-இல் கைதட்டியவர்கள்

1994-இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால், சீசனின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸே ரத்தானது. ரசிகர்கள் வெறுத்துப்போனார்கள். 1998-இல் மார்க் மெக்குவயரும் சாமி சோசாவும் போட்டி போட்டுக்கொண்டு ஹோம் ரன் அடித்தார்கள். ஒருவர் 70, இன்னொருவர் 66. கூட்டம் திரும்பி வந்தது. பேஸ்பாலைக் காப்பாற்றிய கோடைகாலம் என்று பத்திரிகைகள் கொண்டாடின. அந்த ஆண்டு மெக்குவயரின் அலமாரியில் ஆண்ட்ரோஸ்டீன்டயோன் என்ற ஊக்கமருந்துப் புட்டி இருந்ததை ஸ்டீவ் வில்ஸ்டீன் என்ற நிருபர் பார்த்து எழுதினார். அப்போது பேஸ்பாலில் அது தடைசெய்யப்படவில்லை. அடுத்தவர் அலமாரியை எட்டிப்பார்த்தார் என்று சொல்லிச் சக நிருபர்களே அவரைத் தூற்றினார்கள்.

அணிகளுக்கு 1991-இலேயே ஸ்டீராய்டு கூடாது என்று கமிஷனர் அலுவலகம் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. சோதனை கிடையாது, தண்டனை கிடையாது. 2003-இல் பெயர் வெளியிடாத சோதனை நடந்தது. முதல் முறை சிக்கினாலே ஆடத் தடை என்ற நிலை 2005-இல்தான் வந்தது. 2007 டிசம்பரில் முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் தந்த அறிக்கை 80-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயரைச் சொன்னது. பாண்ட்ஸும் கிளெமன்ஸும் அதில் இருந்தார்கள்.

இருவரும் நீதிமன்றம் போனார்கள். நீதிக்கு இடையூறு செய்ததாக பாண்ட்ஸுக்கு 2011-இல் வந்த தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்தது. பொய்ச்சாட்சி வழக்கிலிருந்து கிளெமன்ஸ் 2012-இல் விடுதலையானார். ஊக்கமருந்துக்காக லீக் இவர்கள் இருவரையும் ஒரு நாள்கூடத் தடை செய்ததில்லை. இவர்கள் மருந்தைத் தொடவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. எடுத்தார்கள் என்றுதான் நம்புகிறேன். பாண்ட்ஸ் 1998 சீசனுக்குப் பிறகுதான் தொடங்கினார் என்று அவரை அம்பலப்படுத்திய புத்தகமே சொல்கிறது. அதற்குள் அவர் கையில் மூன்று 'சிறந்த வீரர்' (எம்.வி.பி.) விருதுகள் இருந்தன. 400 ஹோம் ரன், 400 'பேஸ் திருட்டு' (பந்து எறியப்படும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடி எட்டுவது) இரண்டையும் எட்டிய முதல் மனிதர் அவர்தான். பிறகு நடந்தவை எல்லாவற்றையும் அழித்துவிட்டாலும் மிச்சமிருக்கும் மனிதருக்கே பலகை உண்டு.

எதிர்வாதங்களில் ஒன்றை மட்டும் என்னால் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. மருந்து எடுக்க மறுத்தவர்கள் இருந்தார்கள். மைனர் லீக்கில் ஆடி, மேலே ஏற ஒரே ஒரு இடத்துக்குக் காத்திருந்து, ஊசி போட்டுக்கொண்டவனிடம் அந்த இடத்தை இழந்து, ஊருக்குத் திரும்பி வேறு வேலை பார்த்தவர்கள். அவர்கள் பெயர் எந்தச் சீட்டிலும் வராது. மருந்து எடுத்தவர்களுக்கு ஓட்டுப்போட வேண்டாம் என்று மண்டபத்தின் துணைத் தலைவர் ஜோ மார்கன் 2017-இல் வாக்காளர்களுக்கு எழுதிய கடிதத்தின் பின்னால் இருந்தது இந்த வலிதான் என்று நினைக்கிறேன்.

அந்த வலிக்குப் பொறுப்பாளிகள் யார்? அந்தக் காலம் முழுவதும் கமிஷனராக இருந்த பட் செலிக் 2017-இல் புகழ் மண்டபத்துக்குள் போனார். மெக்குவயரை இரண்டு அணிகளில் வைத்து ஆட்டிய மேனேஜர் டோனி லா ரூசா 2014-இல் போனார். 1998-ஐக் கொண்டாடிய பத்திரிகையாளர்கள் ஓட்டுப்போடும் இடத்தில் இருந்தார்கள். லாபம் பார்த்தவர்களும் கண்ணை மூடிக்கொண்டவர்களும் உள்ளே இருக்க, ஆடியவர்களை மட்டும் வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். செலிக் தேர்வானதும் பல எழுத்தாளர்களுக்கு மனசாட்சி உறுத்தி, பாண்ட்ஸ், கிளெமன்ஸ் இருவருக்கும் ஓட்டு கூடியது. ஆனாலும் எட்டவில்லை. கடைசி வாய்ப்பான 2022-இல் பாண்ட்ஸ் 66.0, கிளெமன்ஸ் 65.2. அதே தேர்தலில் டேவிட் ஆர்டிஸ் முதல் முயற்சியிலேயே வென்றார். 2003-இன் ரகசியச் சோதனையில் சிக்கியவர்களில் அவர் பெயரும் இருந்ததாக நியூயார்க் டைம்ஸ் 2009-இல் எழுதியிருந்தது. ஆர்டிஸ் எல்லோரிடமும் சிரித்துப் பேசுபவர், பாண்ட்ஸ் நிருபர்களை விரட்டியவர். அந்த வித்தியாசம் ஓட்டில் சேரவே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

பிறகு வழக்கு 16 பேர் குழுவுக்குப் போனது. எட்டுப் பெயர்கள், ஆளுக்கு அதிகபட்சம் மூன்று ஓட்டு, ஜெயிக்க 12. 2022 டிசம்பரில் இருவருக்கும் நான்குக்கும் குறைவு. 2025 டிசம்பரில் ஐந்துக்கும் குறைவு. அன்று குழு தேர்ந்தெடுத்த ஒரே ஆள் ஜெஃப் கென்ட், சான் பிரான்சிஸ்கோவில் பாண்ட்ஸோடு ஒரே அணியில் ஆடியவர். புதிய விதிப்படி ஐந்து ஓட்டு பெறாதவர் அடுத்த சுற்றில் நிற்க முடியாது. மறுபடியும் அப்படி நேர்ந்தால் கதவு நிரந்தரமாகச் சாத்தப்படும். பாண்ட்ஸும் கிளெமன்ஸும் இனி 2031 டிசம்பருக்கு முன் வர முடியாது. அப்போது பாண்ட்ஸுக்கு 67 வயது, கிளெமன்ஸுக்கு 69.

சூதாட்டம் வேறு

ரோஸுக்கும் இதே வாதம் பொருந்தாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பொருந்தாது.

சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் மேனேஜராக இருந்தபோது ரோஸ் தன் அணியின் ஆட்டங்கள் மீதே பந்தயம் கட்டினார். தன் அணி ஜெயிக்கும் என்றுதானே கட்டினார் என்கிறார்கள் அவருக்காகப் பேசுபவர்கள். பணம் கட்டிய ஆட்டத்தை ஜெயிக்க, களைத்துப்போன பந்துவீச்சாளரை இன்னும் ஒரு இன்னிங்ஸ் எறிய வைக்கும் அதிகாரம் மேனேஜருக்கு உண்டு. பணம் கட்டாத நாட்களில், 'இன்று எனக்கு நம்பிக்கையில்லை' என்ற சேதி பந்தயத் தரகர்களுக்குத் தானாகப் போய்விடும். தரகரிடம் கடன்பட்டவர் கடைசியில் தரகர் சொன்னதைக் கேட்க வேண்டிவரும். மருந்து எடுத்தவர் ஜெயிக்கத்தான் துடிக்கிறார் என்பதிலாவது ரசிகருக்குச் சந்தேகம் இல்லை. சூதாட்டம் அந்த நம்பிக்கையையே அரித்துவிடுகிறது. பந்தயம் கட்டினால் நிரந்தரத் தடை என்ற விதி ஒவ்வொரு உடைமாற்றும் அறையின் சுவரிலும் ஒட்டப்பட்டிருந்தது. 24 ஆண்டுகள் ரோஸ் அதைப் பார்த்துக்கொண்டேதான் சட்டை மாற்றினார். 1989 ஆகஸ்டில் தடை வந்தது. 2004 வரை, நான் பேஸ்பாலில் பந்தயமே கட்டவில்லை என்று சாதித்தார்.

அந்த விதி பிறந்ததற்குக் காரணமான 1919-ஐ நினைத்துப்பாருங்கள். சிகாகோ ஒயிட் சாக்ஸ் வீரர்கள் எட்டுப் பேர் வேர்ல்ட் சீரிஸைச் சூதாடிகளுக்கு விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். அவர்களில் 'ஷூலெஸ்' ஜோ ஜாக்சன் எழுதப் படிக்கத் தெரியாதவர், ஈடு இணையற்ற ஆட்டக்காரர். அந்தத் தொடரில் அவர் சராசரி .375, ஹிட்கள் 12. அதனால் அவர் மனமுவந்துதான் ஆடினார் என்று நூறாண்டாக வாதாடுகிறார்கள். ஆனால் 5,000 டாலரை அவர் வாங்கிக்கொண்டார். 1921-இல் நீதிமன்றத்தில் ஜூரி விடுவித்தும் லாண்டிஸ் எட்டுப் பேரையும் ஆயுளுக்கும் தடை செய்தார். ஜாக்சன் 1951-இல் இறந்தார். அவர் மீதான தடையும் ரோஸோடு சேர்ந்தே விலகியது.

என்னிடம் சீட்டு இருந்தால் ரோஸுக்கும் ஜாக்சனுக்கும் ஓட்டுப்போட மாட்டேன். ஆனால் ரோஸின் பெயர் சீட்டில் வந்திருக்க வேண்டும். 1992-இல் அவர் முதன்முறையாக வாக்காளர் முன் வர வேண்டியிருந்தது. தடைசெய்யப்பட்டவர் பெயர் சீட்டிலேயே வரக்கூடாது என்று மண்டபம் 1991-இல் அவசர அவசரமாக விதி செய்தது. எழுத்தாளர்கள் அவரை வெளிப்படையாகத் தோற்கடித்திருந்தால் அது தீர்ப்பு. விவாதமே இல்லாமல் முப்பத்துமூன்று ஆண்டுகள் இழுத்து, இறந்த பிறகு பெயரைச் சேர்ப்பது எந்த நியாயத்தில் சேரும்?

மாலைக்கு நேரம் உண்டு

இந்தத் தாமதம் குற்றம் செய்தவர்களுக்கு மட்டும் நேர்ந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

சிகாகோ கப்ஸின் ரான் சான்டோ சிறுவயதிலிருந்து இருந்த நீரிழிவை ஆண்டுக்கணக்கில் மறைத்து ஆடியவர். பிற்காலத்தில் இரண்டு கால்களையும் இழந்தார். 2010 டிசம்பரில் இறந்தார். சரியாக ஓராண்டு கழித்து, 2011 டிசம்பரில், 16-இல் 15 ஓட்டு வாங்கித் தேர்வானார். அந்த ஓராண்டில் அவர் புதிதாக எதைச் சாதித்தார்?

டிக் ஆலன் 1963-இல் ஆர்க்கன்சாவின் லிட்டில் ராக் அணியில் ஆடிய முதல் கறுப்பின வீரர். பிலடெல்பியாவில் சொந்த ஊர் ரசிகர்களே பொருட்களை வீசியதால், களத்தில் நிற்கும்போதும் ஹெல்மெட் போட்டுக்கொண்டவர். 2014-இல் குழுவில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அடுத்த கூட்டம் 2020 டிசம்பரில் நடக்க வேண்டியது. கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போனது. அந்த டிசம்பரிலேயே அவர் இறந்தார். 2021-இல் மறுபடி ஒரே ஓட்டில் தோல்வி. 2024-இல் வென்றார். அவரோடு தேர்வான டேவ் பார்க்கர் பார்க்கின்சன் நோயோடு விழாவுக்குக் காத்திருந்தார். விழா 2025 ஜூலை 27. ஜூன் 28 அன்று அவர் மறைந்தார்.

நிறச்சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டவர்களின் கதை இதைவிட நீளம். நீக்ரோ லீக் என்று அழைக்கப்பட்ட தனிப் போட்டிகளில் ஆடிய ஜோஷ் கிப்சன் 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். மூன்று மாதத்தில் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கின் கதவைத் திறந்தார். 1966-இல் மண்டபத்தில் சேர்ந்த டெட் வில்லியம்ஸ், தன் ஏற்புரையில் கிப்சனுக்கும் சாச்சல் பேஜுக்கும் இங்கே இடம் வேண்டும் என்று பேசினார். மேடையில் கிடைத்த சொந்த நாளை மற்றவர்களுக்காகச் செலவிட்ட அந்தச் சில நொடிகளை இந்த மண்டபத்தின் உயர்ந்த நேரமாக நான் மதிக்கிறேன். 1971-இல் பேஜை எடுத்துக்கொண்டபோது முதலில் தனிப் பகுதியில் வைக்கப்போவதாக அறிவித்தார்கள். அவமானத்தின் மேல் அவமானம்! எதிர்ப்பு கிளம்பியதும் மாற்றினார்கள். நீக்ரோ லீக் புள்ளிவிவரங்கள் 2024-இல் அதிகாரப்பூர்வக் கணக்கில் சேர்ந்தன. கிப்சனின் .372, டை காப்பைத் தாண்டி எல்லாக் காலத்துக்குமான சராசரிப் பட்டியலின் உச்சிக்குப் போனது.

2006-இல் கறுப்பினப் பேஸ்பாலிலிருந்து ஒரே நேரத்தில் 17 பேரைச் சேர்த்தார்கள். மண்டபத்தில் இடம்பெற்ற முதல் பெண்ணான அணி உரிமையாளர் எஃபா மேன்லி அவர்களில் ஒருவர். அந்தப் பட்டியலில் பக் ஓ'நீல் இல்லை. கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸின் ஆட்டக்காரர், மேஜர் லீக்கின் முதல் கறுப்பினப் பயிற்சியாளர். மறக்கப்பட்ட அந்த வீரர்களின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அவரைப்போல உழைத்தவர் இல்லை. தேர்வான 17 பேரில் ஒருவர்கூட உயிரோடு இல்லாததால், அவர்கள் சார்பில் பேசும்படி 94 வயது ஓ'நீலைக் கேட்டார்கள். அவர் மறுக்கவில்லை. கூப்பர்ஸ்டவுன் மேடையில் நின்று மற்றவர்களைப் புகழ்ந்தார், கூட்டத்தைக் கைகோத்துப் பாட வைத்தார். ஒரு சொல்கூடக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. பத்து வாரத்தில் இறந்தார். 2021 டிசம்பரில் அவரையும் தேர்ந்தெடுத்தார்கள்.

செய்ய வேண்டியது

நடத்தை விதியை எடுத்துவிடுங்கள். களத்தில் செய்த குற்றத்துக்கு, செய்த நேரத்தில் என்ன தண்டனை விதியில் இருந்ததோ அதையே அளவுகோலாக வையுங்கள். அந்த அளவில் பாண்ட்ஸும் கிளெமன்ஸும் உள்ளே வருவார்கள். சோதனையும் தண்டனையும் வந்த பிறகு சிக்கி, 2014 சீசன் முழுக்கத் தடைபட்ட அலெக்ஸ் ரோட்ரிகஸ் காத்திருக்கலாம். ரோஸும் ஜாக்சனும் வெளியே இருப்பார்கள். பாண்ட்ஸின் பலகையில் 762 என்ற எண்ணுக்கு அடுத்த வரியிலேயே ஊக்கமருந்துக் காலத்தைப் பற்றியும் எழுதுங்கள். செலிக்கின் பலகையிலும் அதே வரியைச் சேருங்கள். எல்லா ஓட்டையும் பெயரோடு வெளியிடுங்கள்.

பழைய காலத்து ஆட்டக்காரர்களுக்கான குழு 2027 டிசம்பரில் கூடுகிறது. ரோஸின் பெயரைச் சுற்றித்தான் எல்லாப் பேச்சும் இருக்கும். அவர் போய்விட்டார், அவருக்கு அவசரம் இல்லை. 2028 டிசம்பரில் 1980-க்குப் பிந்தைய ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசுவார்கள். டெட்ராய்ட் டைகர்ஸில் ஆலன் டிராம்மலோடு தோளோடு தோள் நின்று 19 சீசன் ஆடிய லூ விட்டேக்கரின் பெயர் அப்போது வர வாய்ப்புண்டு. 2001-இல் எழுத்தாளர்கள் அவருக்கு 2.9 சதவீதம் தந்து முதல் ஆண்டிலேயே துரத்தினார்கள். டிராம்மல் உள்ளே போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. விட்டேக்கர் மருந்து எடுக்கவில்லை, பந்தயம் கட்டவில்லை, யாரிடமும் சண்டை போடவில்லை. 2028 டிசம்பரில் அவருக்கு 71 வயதாகியிருக்கும். அவரையாவது அவர் காதில் கைதட்டல் விழும்படி மேடையேற்றுங்கள்.